லீஃப்ஸ் 2024-25: தோற்றது ஏழாவது ஆட்டத்தில் இல்லை

நீலவெள்ளை எழுதியது:

எங்கள் ரொறன்ரோ மேபிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி இரண்டு மாதம் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏழாவது ஆட்டம் முடிந்த 2025 மே 18 இரவே எழுதியிருந்தால் கோபத்தில் எதையாவது கொட்டியிருப்பேன். இப்போது யூலை முடியப் போகிறது. எங்கள் முன்னணி வீரர் மார்னர் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். பதினொரு வருடம் நிர்வாகத் தலைவராக இருந்த ஷனஹனும் இல்லை. எங்களை வென்ற புளோரிடா தொடர்ந்து இரண்டாவது தடவையாக ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கிவிட்டது. ஆறுதலாக இருந்து 82 ஆட்டங்களையும், அதற்குப் பிறகு பிளேஓஃபில் (முதலில் நாலு ஆட்டம் வெல்லும் அணி முன்னேறும் சுற்றுகள்) ஆடிய 13 ஐயும் யோசிக்க இப்போதுதான் மனம் வருகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் நட்சத்திர வீரர் மத்தியூஸ் வந்த 2016 முதல் நான் பார்த்த லீஃப்ஸ் அணிகளில் ஒழுங்காகக் கட்டப்பட்டது இந்த அணிதான். அது தோற்றது ஏழாவது ஆட்டத்தில் இல்லை. மே 9, வெள்ளிக்கிழமை இரவு, புளோரிடாவின் சன்ரைஸில், அவர்களுடனான இரண்டாவது சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் 3-1 என்று முன்னுக்கு நின்ற நேரத்தில் தோற்றது.

முதலில் சீசனைப் பற்றிப் பேசுவோம். எல்லோரும் நேரே கடைசி இரவுக்குத் தாவிவிடுகிறார்கள், ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை நடந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 52 வெற்றி, 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். முழு 82 ஆட்டச் சீசனில் பிரிவை வென்றது 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 2021 இலும் முதலாவதாக வந்தோம்தான், ஆனால் அது கொரோனாக் காலம், ஏழு கனடிய அணிகளும் தமக்குள் மட்டும் ஆடிய 56 ஆட்டச் சீசன்.

அதையும் எப்படி வென்றோம் என்று பாருங்கள். முந்தைய வருடம் 69 கோல் அடித்த மத்தியூஸ் இந்த வருடம் 33 தான் அடித்தார். உடம்பு சரியில்லை. நவம்பரில் சிகிச்சைக்காக ஜேர்மனி வரை போய் வந்தார். 67 ஆட்டம்தான் ஆட முடிந்தது. பழைய லீஃப்ஸ் என்றால் அந்த ஒரு காரணமே போதும், சீசன் குடைசாய்ந்திருக்கும். இந்த முறை சாயவில்லை. நைலாண்டர் 45 கோல் அடித்தார், லீக்கில் அவருக்கு மேல் டிரைசைட்டில் மட்டும்தான். அணித்தலைவர் பொறுப்பை மத்தியூஸிடம் கொடுத்துவிட்டு, முகம் சுளிக்காமல் வந்து ஆடிய டவாரெஸ் 34 வயதில் 38 கோல். மார்னர் 102 புள்ளி (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து), அவருடைய முதல் நூறு. 22 வயதுப் பொடியன் மத்தியூ நைஸ் 29 கோல்.

ஆனால் கோல்களை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது பின்பக்கம். கோல் காப்பாளர் ஸ்டோலார்ஸைக் கொண்டுவந்தபோது, புளோரிடாவில் பொப்ரொவ்ஸ்கிக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர்தானே என்றார்கள். சீசன் முடிவில் அவருடைய தடுப்பு விகிதம் .926, லீக்கிலேயே முதலிடம். டிசம்பரில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து அவர் வெளியே இருந்த வாரங்களை மற்றக் காப்பாளர் ஜோசப் வோல் தாங்கினார். அவர்களுக்கு முன்னால் பாதுகாப்பு வீரர் கிறிஸ் டானெவ். கிழக்கு யோர்க்கில் பிறந்த மனுசன், சொந்த ஊருக்காக ஆட வந்தவர். எதிரணி அடிக்கக் கையை ஓங்கும்போதே ஒரு முழங்காலைப் பனியில் பதித்து, மற்றக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, மட்டையைத் தரையோடு படுக்க வைத்துவிடுவார். பக் (பனியில் அடித்து ஆடும் வட்டு) சப்பாத்தில் பட்டுத் தெறிக்கும். எழும்பி நொண்டிக்கொண்டே இன்னொன்றையும் மறிப்பார். அதற்குப் பிறகுதான் வாங்குக்குப் போவார். அதைப் பார்த்த பிறகு வாங்கில் இருக்கிற யாருக்குச் சோம்பல் வரும்?

இதெல்லாம் பயிற்றுநர் பெரூபியின் வேலை. 2019 இல் செயின்ற் லூயிஸை ஜனவரித் தொடக்கத்தில் லீக்கின் கடைசி இடத்திலிருந்து தூக்கி யூனில் கிண்ணம் வரை கொண்டுபோனவர். அவருடைய ஆட்டம் சிக்கலில்லாதது. அணிகளின் பகுதிகளைப் பிரிக்கும் நீலக்கோட்டில் நின்று அழகான பாஸ் தேடாமல் பக்கை ஆழத்துக்கு அடித்துவிடு, துரத்திப் போய் உடம்பைக் கொடுத்துப் பறி, கோலுக்கு முன்னால் இடம் பிடி. லீஃப்ஸ் 3-2 என்று ஆட்டங்களை வெல்லப் பழகியது இந்த வருடம்தான்.

ரீடோக்கரை எழுதியது:

நான் ஒட்டாவாக்காரி, செனற்றர்ஸ் பக்கம். உங்கள் இழையில் வந்து எழுதுவதற்கு மன்னிக்கவும் தம்பி, ஆனால் முதல் சுற்றில் உங்களிடம் தோற்றவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

2004 க்குப் பிறகு ஒன்ராறியோவின் இரண்டு அணிகளும் பிளேஓஃபில் சந்தித்தது இப்போதுதான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்டங்கள் மூன்றுமே மேலதிக நேரத்துக்குப் போயின. உங்கள் டோமி அடித்தார், பெனுவா அடித்தார், பிறகு எங்கள் சான்டர்சன் அடித்தார். 3-0 என்று பின்தங்கிய நாங்கள் அடுத்த இரண்டையும் வென்றோம். ஐந்தாவது ஆட்டத்தில் உங்கள் மண்ணிலேயே 4-0. ஆறாவதில் 2-2 என்று சமப்படுத்தியபோது அரங்கமே எழும்பி நின்றது. அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்த ரொறன்ரோ கலைந்துபோயிருக்கும். அப்படித்தான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

கலையவில்லை. திரும்பவும் பக்கை ஆழத்துக்கு அடித்தார்கள், திரும்பவும் துரத்தினார்கள். கடைசியில் பச்சியோரெட்டி அடித்தார். சீசன் தொடங்கும்போது ஒப்பந்தமே இல்லாமல் பயிற்சி முகாமுக்கு வந்த ஒரு மூத்த வீரர் எங்கள் சீசனை முடித்து வைத்தார். மனம் நொந்தாலும் அதை மதிக்கிறேன். ஆகவே அணி நன்றாகக் கட்டப்பட்டது என்பது சரி. மூன்றாவது ஆட்டம் பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. புளோரிடாவிடம் சொந்த அரங்கில் ஐந்தாவது 6-1, ஏழாவது 6-1 என்று தோற்றீர்கள். அதை எங்கே வைப்பீர்கள்?

மதுரைப்பிராம்ப்டன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் படிக்க வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகிறது, ஐஸ் ஹாக்கி இன்னும் பாதிதான் புரிகிறது. ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள் வேலைக்குப் போனால் அங்கே ஒருத்தர் முகத்திலும் களையில்லை. துக்க வீடு மாதிரி இருந்தது. ஒரு தோல்விக்கு ஏன் இவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசை. அப்புறம் எல்லாரும் சம்பள உச்சவரம்பு என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

நீலவெள்ளை எழுதியது:

வாங்கோ தம்பி. சம்பளக் கணக்கை மக்கோவன் அண்ணை சொன்னால்தான் சரியாக இருக்கும். ஏன் இவ்வளவு என்பதை நான் சொல்கிறேன்.

லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கிண்ணம் வென்றது 1967 இல். லீக்கில் அப்போது ஆறே ஆறு அணிகள். அதற்குப் பிறகு இறுதிப் போட்டிக்கே போனதில்லை.

அப்பா 1989 இல் வந்து இறங்கியது செயின்ற் ஜேம்ஸ் ரவுனில். வெல்ஸ்லி வீதிப் பக்கம் அந்த உயர்ந்த கட்டடங்களில் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்த காலம். ஒரு அறையில் நாலைந்து பேர். பழைய மேபிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் நடந்து போகும் தூரம்தான், கார்ல்ரன் வீதியில். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இரவு நடந்து வருவார். 1993 இல் லீஃப்ஸ் வென்ற இரவுகளில் யங் வீதி முழுக்க ஹோர்ன் சத்தம், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் வந்து கட்டிப்பிடிப்பார்களாம். அப்போது அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் சமையல்கட்டு ஆங்கிலம். "இந்த ஊரில் என்னைப் பார்த்து முதன்முதல் சிரித்த ஆட்கள் லீஃப்ஸ் சட்டை போட்டிருந்தார்கள்" என்று இன்றைக்கும் சொல்வார். அந்த வருடம் டக் கில்மோர் 127 புள்ளி எடுத்திருந்தார். கிண்ணத்தின் இறுதிக்கு ஒரே ஒரு வெற்றி தேவை. அதே கார்டன்ஸில், ஏழாவது ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலிஸின் கிரெட்ஸ்கி மூன்று கோல் அடித்து 5-4 என்று முடித்துவிட்டார். அன்றிரவு வீதியில் ஒரு சத்தமும் இல்லை, தெருவிளக்கின் இரைச்சல் கேட்டது என்பார் அப்பா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2013 இல் பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில் 4-1 என்று முன்னுக்கு நின்று தோற்றது. 2018, 2019 பொஸ்ரன். 2021 மொன்றியல். 2022 ராம்பா. 2024 திரும்பவும் பொஸ்ரன். இப்போது புளோரிடா. இந்த ஏழிலும் கடைசி ஆட்டம் ஏழாவது ஆட்டம்தான். மறுநாள் வேலையிடத்தில் நீங்கள் பார்த்த முகங்கள் ஒரு இரவுக்கு வாடியவை அல்ல தம்பி.

மக்கோவன்வீதி எழுதியது:

கணக்கைச் சொல்கிறேன். லீக்கில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு. 2024-25 இல் அது 88 மில்லியன் டொலர். ரொறன்ரோ எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. அந்த 88 இல் மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, டவாரெஸ் 11, மார்னர் 10.9. கூட்டினால் 46 மில்லியனைத் தாண்டுகிறது. நாலு பேருக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தில் பாதுகாப்பு வீரர், கோல் காப்பாளர், மூன்றாம் நான்காம் வரிசை (மாறி மாறி இறங்கும் முன்கள வீரர் குழுக்கள்) எல்லோரையும் பார்க்க வேண்டும்.

நீலவெள்ளை, உங்களோடு நான் முரண்படுவது இங்கேதான். எங்களை வென்றது புளோரிடாவின் முதல் வரிசை இல்லை, மூன்றாம் வரிசை. மார்ஷாண்ட், லுண்டெல், லுவொஸ்ராரினென். ஏழாவது ஆட்டத்தில் மூன்று பேரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். அந்த மார்ஷாண்டை நினைத்தாலே எனக்கு நெஞ்சு எரிகிறது. 2013, 2018, 2019, 2024 என்று பொஸ்ரனில் இருந்து நாலு ஏழாவது ஆட்டங்களில் எங்களை வெளியே அனுப்பியவர். மார்ச் 7 அன்று, அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாளில், புளோரிடாவுக்குப் போனார். அதே நாள் நாங்களும் சும்மா இருக்கவில்லை, லோற்றனையும் கார்லோவையும் கொண்டுவந்தோம். கார்லோ நல்ல ஆள். ஆனால் மூன்றாம் வரிசையில் நின்று ஒரு தொடரையே திருப்பக்கூடிய ஆளை அவர்கள் எடுத்தார்கள், எங்களால் முடியவில்லை. தவறு மே மாதத்தில் இல்லை, பல வருடத்துக்கு முன் போட்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது.

இன்னொன்று. புளோரிடாவுடன் முதல் ஆட்டத்தில் அவர்களுடைய பென்னெட்டின் முழங்கை ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. தண்டனை கிடையாது. லீக்கும் பிறகு நடவடிக்கை எடுக்கவில்லை. வருடம் முழுக்க லீக்கிலேயே சிறந்த விகிதம் வைத்திருந்த காப்பாளர் அந்தத் தொடரில் திரும்ப வந்து ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதையும் கணக்கில் எடுங்கள்.

அதிகாலைரிங்க் எழுதியது:

மார்னரைப் பற்றிச் சில வரி எழுத விடுங்கள். கொஞ்ச நாளாகப் பார்க்கிறேன், எங்கே போனாலும் அவரைத்தான் திட்டுகிறார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் காலை ஆறரைக்குப் பயிற்சி. இருட்டோடு எழுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குப் போனால், வாங்கில் இருந்து காலை என் மடியில் வைப்பாள். ஸ்கேற்றின் நாடாவை அவளால் இன்னும் இறுக்க முடியாது. கீழிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துக்கொண்டு வரவேண்டும், கணுக்கால் வளையும் இடத்தில் இரண்டு சுற்றுக் கூடுதலாக. அந்தக் குளிரில் என் விரல்கள் மரத்துப்போகும், நாடா தோலை அறுத்ததே பிறகுதான் தெரியும். அவள் அந்த நேரம் முழுக்க மார்னரைப் பற்றியே பேசுவாள். மார்னர் பெரிய உடம்புக்காரர் இல்லை, அவளும் அணியில் எல்லோரையும் விடச் சின்னவள். எதிராளியின் மட்டைக்கு அடியில் தன் மட்டையைக் கொடுத்துப் பக்கை எடுப்பதை அவரைப் பார்த்தேதான் பழகினாள். இப்போது அவளுடைய பயிற்றுநரே அதை மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்கிறார்.

மார்க்கத்தில் பிறந்து, தோர்ன்ஹில்லில் வளர்ந்து, சின்ன வயதிலிருந்து விரும்பிய அணிக்கு ஒன்பது சீசன் ஆடினார். பெப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியின் இறுதியில் மெக்டேவிட் மேலதிக நேரத்தில் அடித்த கோலுக்குப் பக்கைக் கொடுத்தவரும் அவர்தான். அன்று கனடா முழுக்கக் கொண்டாடியது. புளோரிடாவுடன் இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் 3-3 என்று சமப்படுத்திய 17 ஆவது விநாடியில் வெற்றிக் கோல் அடித்தவரும் அவரே. ஏழாவது ஆட்டத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை, உண்மைதான். ஆனால் அன்றைக்கு யார் செய்தார்கள்?

அவர் போன செய்தி வந்த நாள் 16 ஆம் இலக்கச் சட்டையை மடித்து வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

நீலவெள்ளை எழுதியது:

அதிகாலைரிங்க், உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மகளுக்கு எங்கள் அன்பு. மார்னர் விடயத்தில் நான் உங்கள் பக்கம்.

ரீடோக்கரை அக்கா, மக்கோவன் அண்ணை, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மூன்றாவது ஆட்டத்தை இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை திரும்பப் பார்த்துவிட்டேன்.

முதல் இரண்டையும் 5-4, 4-3 என்று வென்று சன்ரைஸுக்குப் போனோம். ஆட்டம் தொடங்கி 23 விநாடியில் நைஸ் அடித்தார். டவாரெஸ் இரண்டு அடித்தார். இரண்டாம் பகுதியில் 3-1. அரங்கம் அடங்கிப்போயிருந்தது.

தம்பிக்காக இடையில் ஒன்று சொல்கிறேன். ஓர் ஆட்டத்தில் மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறுகின்றன, ஆனால் வாங்கு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் நாங்கள் காக்கும் கோலுக்கும் எங்கள் வாங்குக்கும் தூரம் கூடிவிடும். முதல் பகுதியில் களைத்த ஆள் இரண்டு எட்டு வைத்து மாறிவிடலாம், இரண்டாம் பகுதியில் அது முடியாது. பக்கை வெளியே அடிக்க முடியாமல் ஒரு தடவை மாட்டினால் அதே ஐந்து பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நீலக்கோட்டில் ஒரு தவறான பாஸ் போதும்.

புளோரிடா துரத்தி நெருக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஆறு மாதமாகச் செய்த எளிய வேலையை விட்டோம். ஆழத்துக்கு அடிக்க வேண்டிய பக்கை நடுவில் கொடுக்கப் பார்த்தோம். சுவரோரம் உயர்த்தி வெளியே அனுப்ப வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டோம். அவர்களுடைய ரைன்ஹார்ட், வெர்ஹேகி, கட்ஜோவிச் மூவரும் அடித்தார்கள். அந்தப் பகுதி முடியும்போது 4-3 என்று அவர்கள் முன்னுக்கு. எங்கள் ரைலி சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் மார்ஷாண்ட் அடித்த பக் அதே ரைலியில் பட்டுத்தான் உள்ளே போனது. அடித்தவர் முகத்தைத் திரையில் காட்டினார்கள், நான் ரைலியைத்தான் தேடினேன். மட்டையை இரண்டு தொடைக்கும் குறுக்கே வைத்துக் குனிந்து நின்றார். நிமிரக் கன நேரம் எடுத்தது.

அன்று வென்றிருந்தால் 3-0. அந்த நிலையிலிருந்து ஓர் அணி மீண்டு தொடரை வென்றது லீக் வரலாற்றில் நாலே நாலு தடவை. முதல் தடவை அதைச் செய்தது 1942 இல் எங்கள் லீஃப்ஸ்தான். புளோரிடா நல்ல அணி, ஆனாலும் அது பெரிய மலை. மாறாக 2-1 ஆனது. நாலாவதில் கோலே அடிக்காமல் 2-0 என்று தோற்றோம். ஐந்தாவதில் வந்த 6-1 அந்தச் சோர்வின் தொடர்ச்சி.

மக்கோவன் அண்ணை, ஸ்டோலார்ஸ் விழுந்தது பேரிழப்பு, அந்த முழங்கைக்குத் தண்டனை வந்திருக்க வேண்டும். ஆனால் வோலைப் பாருங்கள். ஐந்தாவதில் ஐந்து கோல் வாங்கி நடுவில் வெளியே எடுக்கப்பட்ட பொடியன். அரங்கிலிருந்து சட்டைகளைக் கழற்றிப் பனியில் எறிந்தார்கள் அன்றைக்கு. இரண்டே நாளில் சன்ரைஸில் ஒரு கோலும் விடாமல் 22 தடுப்பு. கடைசிப் பகுதியில் மத்தியூஸ் அந்தத் தொடரின் முதல் கோலை அடித்தார், பச்சியோரெட்டி இரண்டாவது. 2-0. மூன்றாவது ஆட்டத்தில் இப்படி ஆடியிருந்தால் என்றுதான் அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

மக்கோவன்வீதி எழுதியது:

ஆறாவது ஆட்டம் நீங்கள் சொல்வதற்குச் சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது எனக்குச் சாட்சி. முதல் பகுதியில் நாங்கள்தான் நெருக்கினோம், கோல் விழவில்லை. இரண்டாம் பகுதியில் மூன்று விழுந்தது. கடைசிப் பகுதியில் டோமி அடித்து 3-1 ஆக்கியதும் வீட்டில் எல்லோரும் எழும்பி நின்றோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, லுவொஸ்ராரினென் அடித்துவிட்டார். மூன்றாம் வரிசை, பாருங்கள்.

ரீடோக்கரை எழுதியது:

அந்த இரண்டாம் பகுதி விளக்கத்தை என் வீட்டுக்காரருக்கும் காட்டினேன். ஏழாவதிலும் அந்த மூன்று கோல் இரண்டாம் பகுதியில்தானே விழுந்தது தம்பி? அப்படியென்றால் அது ஒரு ஆட்டத்து விடயம் இல்லை. பெரூபி கோடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

நீலவெள்ளை எழுதியது:

அக்கா, இது எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன பிறகு ஏழாவதையும் போட்டுப் பார்த்தேன். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அதே இரண்டாம் பகுதி, அதே இடம், பக்கை வெளியே எடுக்க முடியாமல் நின்ற அதே நீலக்கோடு. மூன்றாவது ஆட்டத்தில் தொடங்கியது ஏழாவதில் முடிந்திருக்கிறது. நான் சொன்னதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

மதுரைப்பிராம்ப்டன் எழுதியது:

அண்ணா, இரண்டாம் பகுதி ஏன் இப்படி என்று புரிந்துவிட்டது. அடுத்த சீசன் எப்போது? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் நல்லா இருக்கும்.

நீலவெள்ளை எழுதியது:

அட்டவணை வந்துவிட்டது தம்பி. ஒக்ரோபர் 8, புதன்கிழமை, மொன்றியலுடன், இங்கேதான். ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையில் பெரிய ரீவி இருக்கிறது, அப்பாவின் கதிரையைத் தவிர எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அம்மா ரோல்ஸ் பொரிப்பா. இடம் தனிமடலில் அனுப்புகிறேன், ஏழு மணிக்கு முன் வந்துவிடுங்கோ.